கிரேன்ல தொங்குற மஞ்சப் பெட்டி: கரண்ட் உண்மையில எதால போகுது?

போன மாரிக்கு முன்னால சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்குப் போயிருந்தன். அங்க ரெண்டு டொன் ஹொயிஸ்ட் ஒண்டு இருக்கு, மோட்டர், ரோலர் எல்லாம் கழட்டித் தூக்கிறதுக்கு. அதுல தொங்குற பட்டன் கேபிள் அறுந்துபோச்சு என்டு மில்லுக்கார காக்கா அவரே ஆள் வெச்சு மாத்திப் போட்டிருந்தார். என்ன வயர் என்டு பார்த்தா, தண்ணி மோட்டருக்கு இழுக்கிற தடிச்ச வயர், ரெண்டு மூண்டை ஒண்டாச் சேர்த்து டேப் சுத்திக் கட்டியிருக்கு. "தம்பி, ரெண்டு டொன்னைத் தூக்கிற கரண்ட் போற வயரு, மெல்லிசாப் போட்டா பத்திரும் தானே, அதான் நல்ல மொத்தமாப் போட்டன்" என்டார். செலவுக்குப் பயந்த மனிசன் இல்ல அவர், நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கார். ஆனா அந்த வயர் மூண்டு மாசம்கூட நிக்கல்ல, திரும்பவும் அறுந்துதான் என்னைக் கூப்பிட்டது.

அவருக்கு மட்டும் இல்ல, கிரேனுக்குக் கீழ பத்து வருசமா வேலை செய்யிற பொடியன்மார் கனபேருக்கும் இதே நினைப்புத்தான். பெட்டியில பட்டனை அமத்தினா கரண்ட் அந்தக் கேபிளால ஏறிப் போய் மோட்டரைச் சுத்துது என்டு. இல்ல. அந்தக் கேபிளால போறது தூக்கிற கரண்டே இல்ல. இந்த ஒண்டு விளங்கிட்டா கேபிள் ஏன் அறுகுது, ஏன் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாமப் போகுது, சிவப்புப் பட்டன் எதுக்கு, எல்லாம் தன்னால விளங்கும்.

முதல்ல பேரைப் பாப்பம்

மேல இருந்து தொங்குற பட்டன் பெட்டிக்கு சரியான பேர் பென்டன்ட். தொங்கட்டான் மாதிரித் தொங்குறதால அந்தப் பேர், வேற ஒண்டும் இல்ல. எங்கட பக்கம் ரிமோட் என்டும் சொல்லுவாங்க, சுவிட்ச் பொக்ஸ் என்டும் சொல்லுவாங்க. அதுல இருந்து மேல போற வயர்தான் கொன்ட்ரோல் கேபிள், அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு தனி வயரும் ஒரு கோர். கடையில போய் சும்மா கொன்ட்ரோல் கேபிள் என்டு கேட்டா மோட்டர்சைக்கிள் கிளச் கேபிளை எடுத்துக் காட்டுவாங்க, அது இழுக்கிற கம்பி, அது வேற சாதி. ஹொயிஸ்ட் என்டா தூக்கிற மிசின் மட்டும். அந்த மிசினை ஒரு பெரிய இரும்பு வளையில, அதாவது உத்தரத்துல ஏத்தி அங்க இங்க ஓட விட்டா கிரேன்.

பஸ் மணி

மட்டக்களப்புல இருந்து கல்முனைக்கு பஸ்ல போறீங்க என்டு வைங்க. கொண்டக்டர் ஒருக்கா மணி அடிச்சா பஸ் நிக்கும், ரெண்டு தரம் அடிச்சா போகும். அதுக்காக மணிக் கயிறுதான் பஸ்ஸை இழுக்குது என்டு ஆராவது சொல்லுவமா? மணி ஒரு செய்தி, அவ்வளவுதான். பஸ்ஸை ஓட்டுறது முன்னால இருக்கிற என்ஜினும் டிரைவரும். மணிக் கயிறு நூல் மாதிரி மெல்லிசா இருந்தாலும் பஸ் ஓடும், தாம்புக் கயித்தைக் கட்டி விட்டாலும் பஸ் கூட வேகமா ஓடப் போறதில்ல.

பென்டன்ட் அந்த மணி. கேபிள் அந்தக் கயிறு. காக்கா செஞ்சது மணிக்குத் தாம்புக் கயிறு கட்டின வேலை.

மேல பெட்டிக்குள்ள இருக்கிற டிரைவர்

அப்ப டிரைவர் ஆர்? மேல ஹொயிஸ்ட்டோட ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதுக்குள்ள வரிசையா கறுப்புக் கட்டைகள் இருக்கும், அதுதான் கொன்டாக்டர். (பஸ் கொண்டக்டர் வேற, இது வேற, நான் படிக்கிற காலத்துல இந்த ரெண்டு சொல்லையும் போட்டுக் குழப்பி சேர்ட்ட நல்லா வாங்கிக் கட்டியிருக்கன்.) கொன்டாக்டர் என்டா கரண்டால அமத்துற பெரிய சுவிட்ச். உள்ளுக்கு ஒரு கொயில் இருக்கும், கொயிலுக்குச் சின்னக் கரண்ட் வந்தா அது காந்தமாகி ஒரு துண்டை டக்கெண்டு இழுக்கும், அந்தத் துண்டு மோட்டருக்குப் போற மூண்டு பெரிய லைனையும் ஒரேயடியா இணைக்கும். கொயிலுக்குக் கரண்ட் நிண்டா ஸ்பிரிங் தள்ளி விட்டிரும், மோட்டர் லைன் அறுந்திரும். மில்லுல பச்சைப் பட்டன் அமத்தினதும் "டக்" என்டு ஒரு சத்தம் கேக்கும் தானே, அது இதுதான்.

கணக்கா சொன்னா இன்னும் நல்லா விளங்கும். எங்கட நாட்டுல மூண்டு பேஸ் லைன் 400 வோல்ட், ஒரு பேஸ் 230. ஒரு 4 கிலோவாட் ஹொயிஸ்ட் மோட்டர் ஓடேக்க 8, 9 அம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் எடுக்கிற அந்த நொடியில அதைப்போல அஞ்சு ஆறு மடங்கு. இவ்வளவும் மேல இருக்கிற கொன்டாக்டராலதான் போகுது. ஆனா அந்தக் கொன்டாக்டரைப் பிடிச்சு வெச்சிருக்க கொயிலுக்குத் தேவை அரை அம்பியர்கூட இல்ல. அதுவும் 400 வோல்ட்ல இல்ல, மேல பெட்டிக்குள்ளயே ஒரு சின்ன டிரான்ஸ்போமர் இருந்து 24, 48 இல்லாட்டி 110 வோல்ட்டாக் குறைச்சுத்தான் கீழ அனுப்பும். அதுக்குப் பேர் கொன்ட்ரோல் டிரான்ஸ்போமர். ஏன் குறைக்கிறாங்க என்டா, வேர்வைக் கையோட, சில நேரம் ஈரக் கையோட ஒரு மனிசன் நாள் முழுக்கப் பிடிச்சிருக்கிற பெட்டி அது.

ஒண்டு மட்டும் கவனம். ஹாட்வெயார்ல வாங்குற சின்ன ஒரு பேஸ் ஹொயிஸ்ட், வீட்டு மேல்மாடிக்குக் கல்லு, சீமெந்து ஏத்துறது, அதுகள்ல கன மொடல்ல இந்த டிரான்ஸ்போமரும் இல்ல கொன்டாக்டரும் இல்ல. 230 வோல்ட் நேரா கைப்பெட்டிக்கே வரும். அதுகளுக்கு நான் இங்க சொல்லுற கதை அப்பிடியே பொருந்தாது, அதுட பெட்டி வெடிச்சிருந்தா கையே வைக்காதீங்க.

இதுவரைக்கும் வந்தது: கீழ பட்டன் கேக்குது, கேபிள் அந்தக் கேள்வியை மேல கொண்டு போகுது, கொன்டாக்டர் செய்யுது. தூக்கிற கரண்ட் கீழ வரவே இல்ல.

மேலயும் கீழயும் ஒரேயடியா அமத்தினா?

மூண்டு பேஸ் மோட்டருக்கு வாற மூண்டு லைன்ல ஏதாவது ரெண்டை இடம் மாத்தினா மோட்டர் மற்றப் பக்கம் சுத்தும். அதால மேல ஏத்துறதுக்கு ஒரு கொன்டாக்டர், கீழ இறக்க ரெண்டு லைனை மாத்திக் கட்டின இன்னொரு கொன்டாக்டர். ரெண்டும் ஒரே நேரத்துல பிடிச்சா லைனும் லைனும் நேரா முட்டிப் பெரிய வெடிதான்.

மட்டக்களப்புப் பழைய கல்லடிப் பாலம் ஞாபகம் இருக்கா? 1924ல திறந்தது, 2013ல பக்கத்துல புதுப் பாலம் வாறவரைக்கும் அதாலதான் போய் வந்தம். ஒடுங்கின பாலம், அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியிறவரைக்கும் இந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிக்கணும். அதே ஏற்பாடுதான் இங்கயும். மேல கொன்டாக்டர் பிடிச்சிருக்கும் வரைக்கும் கீழ கொன்டாக்டருக்கு வழி அடைச்சிருக்கும். இதுக்குப் பேர் இன்டர்லொக். பென்டன்ட்டுக்குள்ளயும் ரெண்டு பட்டனும் சேர்ந்து அமராத மாதிரி ஒரு தடை இருக்கும், மேல இரும்புப் பெட்டிக்குள்ள கொன்டாக்டர்கள்லயும் இருக்கும். பட்டன் உடைஞ்சு உள்ளத் தடை போன பெட்டியை "வேலை செய்யுது தானே" என்டு விடுறது சரியில்ல.

ஆறு பட்டனுக்கு ஏன் பத்து வயர்

இதுதான் கடையில கனபேர் ஏமாறுற இடம். மேல கீழ, வலம் இடம், முன்ன பின்ன, ஆறு திசை. அப்ப ஆறு கோர் காணும் என்டு வாங்கிக்கொண்டு வந்திருவாங்க. எண்ணிப் பாருங்க. கரண்டைக் கீழ கொண்டு வாற வயர் ஒண்டு. அது முதல்ல சிவப்புப் பட்டனுக்குள்ளால போய் வரும், வந்ததை மேல கொண்டு போக இன்னொண்டு. ஸ்டார்ட் பட்டனுக்கு ஒண்டு. ஆறு திசைக்கும் ஆறு. ஒன்பது ஆச்சு. பச்சை மஞ்சள் எர்த் ஒண்டு. பத்து. வேகம் ரெண்டு, அதாவது பட்டனைக் கொஞ்சம் அமத்தினா மெதுவா, நல்லா அமத்தினா கெதியா என்டிருந்தா கோர் இன்னும் கூடும். ஆனபடியா 12 கோர் வாங்கினா ரெண்டு கையிருப்பா இருக்கும், நாளைக்கு ஒரு கோர் உள்ளுக்கு அறுந்தா அதை எடுத்துக் கட்டலாம். ஒவ்வொரு கோர்லயும் நம்பர் அடிச்சிருக்கும். கழட்டக்குள்ள போன்ல ஒரு படம் எடுத்து வைக்காமக் கழட்டுறவரை நான் வேலைக்குக் கூட்டிப் போறதில்ல.

அப்ப ஏன் அறுகுது?

கரண்ட் கூடி எரியிறது இல்ல. தொங்கி அறுகுது, மடிஞ்சு அறுகுது.

போன் சார்ஜர் வயரைப் பாருங்க, நடுவுல அறுந்து ஆராவது கண்டிருக்கீங்களா? கழுத்துலதான் போகும், பின்னோட சேர்ற இடத்துல. பிறகு வளைச்சுப் பிடிச்சா சார்ஜ் ஏறும், விட்டா நிக்கும். பென்டன்ட் கேபிளும் அப்பிடியேதான். பெட்டிக்கு மேல ஒரு சாண், மேல ஹொயிஸ்ட்டோட சேர்ற இடம், இந்த ரெண்டு இடத்துலதான் சாகும். "பெட்டியைக் கொஞ்சம் சரிச்சுப் பிடிங்க அண்ணன், வேலை செய்யும்" என்டு ஒரு பொடியன் சொன்னா அந்தக் கேபிள் உள்ளுக்கு அறுந்து நாளாச்சு.

ஒரு பக்கம் மனிசன் பெட்டியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே நடக்கிறான், ஹொயிஸ்ட் நகராட்டி பெட்டியால இழுத்து நகத்தப் பாக்கிறவங்களும் இருக்கிறாங்க. பெட்டியின்ட பாரமும் இருக்கு. இவ்வளவையும் தலைமயிர் மாதிரி செப்புக் கம்பிகள் தாங்கேலாது. அதுக்குத்தான் உண்மையான பென்டன்ட் கேபிள்ல உறையோட சேர்த்தே உருக்குக் கம்பி ஓடும், சிலதுல ரெண்டு பக்கமும் காது மாதிரி, சிலதுல நடுவுல. அதைத் தாங்கு கம்பி என்டு வெச்சுக்கொள்ளுவம். அந்தக் கம்பியை மேல ஹொயிஸ்ட் உடம்புலயும் கீழ பெட்டியின்ட கொளுக்கியிலயும் கட்டணும், கட்டக்குள்ள கம்பி கேபிளைவிடக் கொஞ்சம் கட்டையா இருக்கணும். அப்பத்தான் இழுவை முழுக்கக் கம்பிக்குப் போகும், செப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நான் பார்த்த அறுந்த கேபிள் பாதிக்கு மேல தாங்கு கம்பி இருந்தும் அதைக் கட்டாம வெட்டி விட்டது. "அது குத்துது" என்டு வெட்டினவராம் ஒருத்தர்.

வீட்டுக்கு இழுக்கிற வயர் ஏன் சரிவராது என்டும் இதால விளங்கும். அதுல செப்பு ஒரே தடிச்ச கம்பி, இல்லாட்டி ஏழு கம்பி. சுவருக்குள்ள அசையாமக் கிடக்கிறதுக்குச் செஞ்சது. ஒரு கம்பியை எடுத்து இருபது தரம் இப்பிடியும் அப்பிடியும் மடிச்சா முறிஞ்சிரும் தானே. பென்டன்ட் கேபிள்ல ஒவ்வொரு கோரும் கனக்க நூல் கம்பி சேர்ந்தது, மெல்லிசான கம்பி மடியும், லேசில முறியாது. காக்கான்ட தடிச்ச வயர் முறிஞ்சது அது தடிப்பா இருந்தபடியாத்தான்.

கிரேன் வளைக்குக் குறுக்கால மடிப்பு மடிப்பாத் தொங்குமே தட்டையான ஒரு கேபிள், அது வேற ஆள். கதவுத் திரைச்சீலை வளையத்துல ஓடி விரியிறதும் சுருங்கிறதும் மாதிரி சின்னச் சில்லுகள்ல ஓடும், அதுக்கு பெஸ்டூன் என்டு பேர். ஹொயிஸ்ட்டுக்குப் போற பெரிய கரண்ட் அதால போகும். அதையும் பென்டன்ட் கேபிளையும் ஒண்டா நினைச்சுத்தான் பாதிக் குழப்பம்.

உப்பு, உமி, மாரி

வாழைச்சேனையில இருந்து ஒலுவில் வரைக்கும் கடலும் வாவியும் பக்கத்துலயே. உப்புக் காத்து செப்பைப் பச்சை பூக்க வைக்கும், பட்டன் ஸ்பிரிங்கைத் தின்னும். மில்லுக்குள்ள உமித்தூசி. கச்சான் காத்து அடிக்கிற காலத்துல வெளிய தொங்குற கேபிள் உறை வெயில்ல வெடிக்கும், பிறகு மாரி வரக்குள்ள அந்த வெடிப்பால தண்ணி போகும். பென்டன்ட் தொங்குற பெட்டி, கேபிள் மேலால வந்து உள்ளுக்குப் போகுது, அப்ப மழைத்தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கொண்டு வழிஞ்சு நேரா பெட்டி வாய்க்குத்தான் வரும். அந்த வாயில இருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சிருந்தா உள்ளுக்கு குளம்.

பெட்டியில ஐபி 65 என்டு போட்டிருப்பாங்க. 6 என்டா தூசி உள்ளுக்குப் போகாது, 5 என்டா குழாயால பீச்சுற தண்ணி தாங்கும். ஆனா அது புதுப் பெட்டிக்கு, எல்லா ஆணியும் இறுக்கி இருந்தா. மூடியில நாலு ஆணிக்கு ரெண்டுதான் இருந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

ஒரு திசைக்குரிய கோர் அறுந்தா பரவாயில்ல, அந்தத் திசை மட்டும் வேலை செய்யாது, பாரம் நிண்ட இடத்துல நிக்கும். தண்ணி போயோ நசுங்கியோ ரெண்டு கோர் ஒண்டோட ஒண்டு முட்டினாத்தான் பயம். வலம் அமத்த ஹொயிஸ்ட் மேலயும் ஏறும். அப்பிடி ஒருக்கா நடந்தாலும் அந்தக் கேபிள் குப்பைக்கு, டேப் சுத்துற கதையே வேணாம்.

சிவப்புப் பட்டன்

காளான் மாதிரிப் பெருசா இருக்கிறது எமர்ஜென்சி ஸ்டொப். மற்றப் பட்டன் எல்லாம் அமத்தினாத்தான் கரண்ட் போகும், இது மட்டும் தலைகீழ், அமத்தாம இருக்கும் வரைக்கும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அமத்தினா அறும்.

வயல் வாடியில ராக்காவல் இருக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க, யானைக் காலத்துல. ஒரு வாடியில இருந்து கூ என்டு குரல் கொடுத்தா மற்ற வாடியில இருந்து பதில் வரும். பதில் வந்துகொண்டே இருந்தா பயமில்ல. பதில் நிண்டாத்தான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு எழும்புறது. சிவப்புப் பட்டனும் அதே யோசனை, அதுட வயர் அறுந்தாலும், கழண்டாலும், எலி கடிச்சாலும் மேல குரல் நிண்டிரும், கிரேன் நிக்கும். பழுதானா நிக்கிற பக்கம்தான் போகும்.

அது மேல கீழக் கொன்டாக்டரை நிப்பாட்டுறதோட முடியிறதில்ல, மற்றக் கொன்டாக்டர் எல்லாத்துக்கும் கரண்டைக் கொடுக்கிற மெயின் கொன்டாக்டரையே விடுவிக்கும். ஏன் தெரியுமா, பட்டனைச் சும்மா தட்டித் தட்டி விடுற பழக்கத்தால மேல ஏத்துற கொன்டாக்டர் உள்ளுக்கு வெல்ட் பிடிச்ச மாதிரி ஒட்டிப்போகும் சில நேரம். கையை எடுத்தாலும் கொக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அப்ப காப்பாத்துறது இந்தச் சிவப்பு ஒண்டுதான்.

கரண்ட் அறுந்தா பாரம் விழுந்திராதா என்டு கேப்பீங்க. லொறி எயார் பிரேக் தெரியும் தானே, காத்து இறங்கிட்டா ஸ்பிரிங் பிடிச்சு லொறி அசையாது. ஹொயிஸ்ட் பிரேக்கும் அப்பிடி, கரண்ட் இருந்தாத்தான் பிரேக் விடும், கரண்ட் போனா ஸ்பிரிங் பிடிச்சிரும். கரண்ட் கட் ஆகிற நேரம் பாரம் தொங்கிக்கொண்டுதான் நிக்கும், அதுக்குக் கீழ நிக்காட்டிச் சரி.

மேல அமத்தக் கீழ போனா

இதை ஆரும் சொல்லித் தாறதில்ல, அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன்.

கொக்கி உச்சிக்குப் போனா நிப்பாட்ட மேல ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும். அது தட்டுப்பட்டா மேல கொன்டாக்டருக்குப் போற கரண்டை மட்டும் அறுக்கும், கீழ இறக்க வழி விடும். இப்ப வெளிய லைன் வேலை நடந்தோ, ஜெனரேட்டரைக் கழட்டித் திருப்பிக் கட்டினதாலயோ ரெண்டு பேஸ் மாறி வந்திட்டு என்டு வைங்க. மேல அமத்த கீழ போகும், கீழ அமத்த மேல ஏறும். உடனே ஒரு கெட்டிக்காரன் பென்டன்ட் பெட்டியைத் திறந்து மேல கீழ ரெண்டு வயரையும் மாத்திக் கட்டுவான். இப்ப மேல அமத்த மேலதான் போகுது, எல்லாருக்கும் சந்தோசம்.

ஆனா உள்ளுக்கு இப்ப ஏத்துறது கீழ கொன்டாக்டர். கொக்கி உச்சிக்குப் போய் லிமிட் சுவிட்சில தட்டும், சுவிட்ச் தன்ட வேலையைச் சரியாச் செஞ்சு மேல கொன்டாக்டரை அறுக்கும், அது ஏற்கனவே சும்மாதானே இருக்கு. கொக்கி நிக்காது. கம்பிக் கயிறு சுத்துற டிரம்ல முட்டி அந்தக் கயிறு, வயர் ரோப், அறும்.

ஆனபடியா திசை மாறினா பெட்டியைத் தொடவே கூடாது, கிரேனுக்கு வாற மெயின் லைன்ல ரெண்டை மாத்தணும். கண்டுபிடிக்கிறதும் லேசு. மேல கீழ மட்டும் இல்லாம வலம் இடம், முன்ன பின்ன எல்லாமே சேர்ந்து மாறியிருந்தா வெளிய இருந்து வந்த பேஸ் பிழை. ஒரு திசை மட்டும் மாறியிருந்தா அந்த ஒரு மோட்டர் கட்டினதுல பிழை.

காக்காக்கு 12 கோர் கேபிள் போட்டு, தாங்கு கம்பி ரெண்டு பக்கமும் கட்டி முடிய, மில் ஜெனரேட்டருக்கு மாத்துற சுவிட்ச் பெட்டியில மாக்கரால எழுதி விட்டு வந்தன்: இதை மாத்தினா முதல்ல வெறும் கொக்கியை ஒரு முழம் தூக்கிப் பாருங்க. அவர் அதுக்குக் கீழ தன்ட கையால ஒரு வரி சேர்த்திருக்கார், "கீழ போனா தம்பிக்குக் கோல் எடுக்கவும், பெட்டியைத் திறக்க வேணாம்" என்டு.